ஓரம் மங்கும் லென்ஸ்

வலியசாலை, திருவனந்தபுரம்
15-11-1998

கிரிஷ்,

யார் முதலில் எழுதுவது என்று இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாயிற்று. நீ எழுதுகிற வழியாகத் தெரியவில்லை. எனக்கோ மார்ச்சில் ரிட்டயர்மென்ட். இனி ஒருத்தருக்காகக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. சமாதானம் பேசத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு லென்ஸ் வேண்டும், நீ லென்ஸ் விற்கிற ஊரில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

விஷயம் இது. போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஓடைக்கரையில், ஒரு தீக்காக்கை ஜோடி வருஷா வருஷம் கூடு வைக்கிறது. சேவலுக்குக் கறுப்புத் தலை, சிவந்த வயிறு. பெட்டை காய்ந்த இலை நிறம். இரண்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு படம், ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும். பத்து வருஷமாக மலை ஏறியும் அது மட்டும் கிடைக்கவில்லை. போன வருஷம் எங்கள் இயற்கைக் கழகத்து ஆள் ஒருத்தர் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு கூட்டுக்கு முன்னால் போய் நின்றார். முட்டையை அப்படியே விட்டுவிட்டு இரண்டும் போயே போய்விட்டன. நீளமான லென்ஸ் இல்லாமல் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது 135 எம்.எம். அதிலும் இப்போது ஓரமெல்லாம் மங்கல். இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கும். ஸ்கூலில் பிரேமா டீச்சர் தன் ஜூமை இரவல் கொடுத்தாள், அதுவும் அதே லட்சணம். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து கூடவே வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

300 என்கிறார்கள், 400 என்கிறார்கள், மிரர் லென்ஸ் என்கிறார்கள். எது காட்டுக்கு உதவும், எது என் கைக்கு எட்டும் என்று விசாரித்து எழுது. பதினைந்தாயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. உன் பணம் வேண்டாம்.

கூடத்தில் அப்பா மாட்டின நூறு வாட் பல்பின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த ஊர் வோல்டேஜுக்கு அதுவும் போதவில்லை. வரி கோணிப் போயிருந்தால் பொறுத்துக்கொள்.

சூடாமணி


துபாய்
2-12-1998

அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். பிரிக்கவே கை வரவில்லை. ஆஷாதான் பிரித்துப் படித்து, “ஒண்ணுமில்லை, லென்ஸ் கேக்கறா உங்கக்கா” என்றாள். கடிதத்தின் அடியில் நீ ‘சூடாமணி’ என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. சரி.

கேட்டதைச் செய்துவிட்டேன். தேராவில் ஒரு கடையில் யூசுப் என்று மேலப்பாளையத்துக்காரர் இருக்கிறார். “என்ன சார் எடுக்கணும், யானையா?” என்று கேட்டார். தீக்காக்கை என்றேன். “ஒரு காக்காய்க்கா இவ்வளவு பாடு?” என்று சிரித்துவிட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்.

500 மிரர் லென்ஸ்தான் இருப்பதிலேயே மலிவு. குட்டையாக, எடை குறைவாக இருக்கும். ஆனால் அதன் துவாரம் எஃப் எட்டுக்கு மேல் விரியாது, வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும். மர நிழலில் ஷட்டரை வேகமாக ஓட்டவே முடியாது, பின்னால் விழுகிற வெளிச்சப் புள்ளியெல்லாம் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வரும் என்கிறார். உன் பழைய லென்ஸில் நீளத்தை இரட்டிப்பாக்குகிற டப்ளர் போட்டால் இருக்கிற வெளிச்சத்தில் முக்கால்வாசியை அது தின்றுவிடும். 300 வரை போகிற ஜூம் உண்டு, கடைசி முனையில் படம் தொளதொளவென்று இருக்குமாம். 300-இல் நல்லது ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் விலையை உனக்கு எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்ப மாட்டேன். கடைசியாக, யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன 400, துவாரம் ஐந்து புள்ளி ஆறு. கனம்தான், டிரைபாடில் பூட்ட வளையம் உண்டு. உன் கணக்குக்குள் வருகிறது. “அக்காவுக்கு இதக் குடுங்க சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றார் யூசுப்.

லென்ஸ் விஷயம் இவ்வளவுதான். இனி நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியாதா? அப்பா போன செய்தி கேட்டு ஓடி வந்தேன். பிளேன் தாமதம். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளிகூட நான் வைக்கவில்லை. நீ கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாய். நேரே உன் பக்கத்தில் வந்து நின்றேன். வாய் எழவில்லை. கையை மட்டும் நீட்டினேன். நீ எழுந்தாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாய். உன் புடவைத் தலைப்பு என் கையில் பட்டுக்கொண்டு போயிற்று. கூடம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நீ. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

எது வேண்டும் என்று எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

கிரிஷ்


வலியசாலை
18-12-1998

கிரிஷ்,

400 போதும். வெள்ளைக்காரன் கை பட்டதானால் என்ன, லென்ஸுக்குத் தீட்டுக் கிடையாது. பணத்தை எதிர் வீட்டு நீலகண்டனின் அக்காவிடம் கொடுத்துவிட்டேன், அவன் அங்கே உனக்குத் தருவான்.

மற்றதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன கதை இது? நீ என் பக்கத்தில் வந்தாயா? எப்போது? உன்னை நான் முதலில் பார்த்ததே ராத்திரி இலை போட்டபோதுதான். மாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாய். தம்பி வருவான், வந்து ஒரு வார்த்தை சொல்லுவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான். பதின்மூன்று நாளும் இதே வீட்டில் இருந்தாய். சாஸ்திரிகள் கேட்டதற்குப் பதில் சொன்னாயே தவிர, அக்கா என்று ஒரு தரம் கூப்பிட்டாயா? அப்பாவைக் கடைசி நாலு வருஷம் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப் போனவள், மடி துவைத்தவள், ஊட்டிவிட்டவள் நான். எனக்கு ஆறுதல் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை. இப்போது கையை நீட்டினேன் என்று புதிதாக ஒரு புராணம்.

உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. முந்தாநாள் கோவில் வாசலில் சாக்கடைப் பலகை மேல் வைக்கிறதாக நினைத்து வெறும் பள்ளத்தில் காலை வைத்து விழுந்தேன். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. கார்ப்பரேஷன்காரன் பலகையை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தால் மனுஷிக்கு எப்படித் தெரியும்?

லென்ஸைப் பஞ்சில் சுற்றி அனுப்பு.

சூடாமணி


துபாய்
9-1-1999

அக்கா,

லென்ஸை நீலகண்டனிடம் கொடுத்திருக்கிறேன். லீவில் வருகிறான், கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கூடவே சிலிக்கா பொட்டலங்கள் இருக்கின்றன. வறுத்த அரிசியை விட்டுவிடு.

நடந்ததை நடக்கவில்லை என்று நீ சொன்னால் அதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றுமில்லை. பார்த்தேன், கோபத்தில் போய்விட்டேன் என்று எழுதியிருந்தாயானால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

முழங்காலை டாக்டரிடம் காட்டு.

கிரிஷ்


வலியசாலை
7-2-1999

கிரிஷ்,

உன்னைக் கேட்டிருக்கவே கூடாது. புத்தி இல்லாமல் கேட்டேன்.

லென்ஸ் வந்தது. பெட்டியைத் திறந்தபோது எத்தனை சந்தோஷம் தெரியுமா? அதற்குப் போட்டுவைக்கத் துணிப் பைகூடத் தைத்து வைத்திருந்தேன். மாடியில் டிரைபாடில் பூட்டி எதிர்த் தென்னை மரத்தைப் பார்த்தேன். நடுவில் பளிச்சென்று இருக்கிறது, கீற்றின் நரம்புகூடத் தெரிகிறது. சுற்றிலும்? யாரோ விபூதியைப் பூசிவிட்ட மாதிரி. இடது பக்கம் பாதி ஒன்றுமே இல்லை. நீ எழுதினாயே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று, அப்படித்தான் வாங்கியிருக்கிறாய்.

அந்த வெள்ளைக்காரன் ஏன் விற்றான் என்று இப்போது புரிகிறது. பூஞ்சையோ, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. அந்த யூசுப்புக்கு நீ ஒரு இளிச்சவாயன் கிடைத்தாய், உனக்கு ஒரு அக்கா கிடைத்தாள். பாதிப் பணத்துக்கு வாங்கி என் தலையில் கட்டினாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத்தானே, இது போதும் என்று உனக்குத் தோன்றியிருக்கும் அல்லவா?

இந்த மாசம் கூடு வைக்கிற காலம். வேறு வழியில்லை, இதையே தூக்கிக்கொண்டு போகிறேன். அடுத்த வருஷம் மலை ஏற முடியுமோ என்னவோ, முழங்கால் சரியாகவில்லை.

சூடாமணி


துபாய்
20-2-1999

அக்கா,

பாதிப் பணம் என்று நீ எழுதியதை ஆஷாவுக்குக் காட்டவில்லை. எனக்கே படிக்க வெட்கமாக இருந்தது.

யூசுப்பிடம் உன் வார்த்தைகளை அப்படியே சொன்னேன், இளிச்சவாயன் உட்பட. அவருக்குக் கோபம் வரவில்லை. “லென்ஸ் பொய் சொல்லலாம் சார், வியூஃபைண்டர் பொய் சொல்லலாம். பிலிம் பொய் சொல்லாது. அக்காவ ரெண்டு ரோல் எடுத்து, கழுவாம அப்படியே குடுத்தனுப்பச் சொல்லுங்க. மூலை இருட்டா இருந்தா நான் வேற லென்ஸ் தாறேன், இல்லே காசத் திருப்பித் தாறேன்” என்றார். நீ போடுகிற ஸ்லைடு பிலிமைக் கழுவ உன் ஊரில் வசதி இல்லை, எப்படியும் மெட்ராஸுக்குத்தான் அனுப்புவாய். இங்கே அனுப்பு. நீலகண்டன் மார்ச் கடைசியில் திரும்புகிறான்.

அந்த லென்ஸில் நான் கண் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கு ஓரம் மங்கலாக இல்லை. அதை மட்டும் நம்பு.

கிரிஷ்


வலியசாலை
28-3-1999

கிரிஷ்,

ரோல் இரண்டும் நீலகண்டனிடம் கொடுத்திருக்கிறேன். வெயிலில் வைக்காதே.

நாலு ஞாயிற்றுக்கிழமை போனக்காட்டுக்குப் போய் வந்தேன். தோட்டத்தில் வேலை பார்க்கிற சொரிமுத்து பச்சைத் துணியால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். உளுத்துப்போன ஒரு கட்டையில்தான் கூடு. அதன் பக்கத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. சேவல் வந்து அதில் உட்காரும், அலகில் வெட்டுக்கிளியோ புழுவோ இருக்கும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், அசையாது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஆனால் கிரிஷ், பெட்டை வரவில்லை. காலையிலிருந்து உச்சி வரை காத்திருப்பேன், வரவே வராது. இந்த வருஷம் அது இல்லை. பாம்போ வேறு எதுவோ பிடித்திருக்கும். ஒண்டியாகத் தன் குஞ்சுகளுக்குத் தீனி கொடுத்துக்கொண்டு அந்தச் சேவல் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. மனசைப் பிழிந்தெடுத்துவிட்டது. மறைப்புக்குள் உட்கார்ந்து அழுதேன் என்றால் நீ சிரிப்பாய். பத்து வருஷம் காத்திருந்து, லென்ஸும் வந்து, இரண்டில் ஒன்று செத்துப்போன பிறகு போயிருக்கிறேன். இதுதான் என் அதிர்ஷ்டம்.

இறங்கும்போது தேயிலைச் சரிவில் ஒரு படி தவறி மறுபடி விழுந்தேன். லென்ஸை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்ததில் தோள் கன்றிப்போயிற்று. “பாத்து வரக்கூடாதா டீச்சர், படி பக்கத்துலதான கெடக்கு” என்று சொரிமுத்து திட்டினார்.

ஸ்கூலில் வழியனுப்பு விழா நடத்திச் சால்வை போட்டார்கள். மேடையில் என் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு ஒரு பெண் நின்றிருக்கிறாள். திரும்பினேன், செம்பு, பன்னீர், பெண் எல்லாம் சேர்ந்து கீழே. அசடு, ஆள் வருகிற வழியிலா நிற்பாள்? ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரிசல்ட் என்னவானாலும் எழுது. லென்ஸ் மோசம் என்றே வரும்.

சூடாமணி


துபாய்
14-4-1999

அக்கா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அவசரப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடாதே.

ஸ்லைடுகள் நேற்று வந்தன. யூசுப் அவற்றை விளக்குப் பெட்டி மேல் வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மூலை நாலும் சுத்தமா இருக்கு சார். ஒரு பொட்டு இருட்டு கெடையாது” என்றார். சொல்லிவிட்டு, “அக்கா கெட்டிக்காரிதான். ஜோடிய என்னமா எடுத்திருக்காக! ரெண்டும் சேந்து உக்காந்திருக்கே!” என்றார்.

ஜோடியா என்று கேட்டேன். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நடுவில் சேவல், சிவந்த வயிறு. அதே கிளையில், இடது ஓரத்தில், காய்ந்த இலை நிறத்தில் பெட்டை. உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு படத்தில் மட்டும் என்றால் பட்டனை அமுக்கிய நேரத்தில் பறந்து வந்தது என்று நினைக்கலாம். பல படங்களில் இருக்கிறது. அது அங்கேயே இருந்திருக்கிறது, அக்கா. செத்துப்போகவில்லை. நீ பார்க்கவில்லை.

கடையிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். உன் பழைய லென்ஸ் மங்கல், பிரேமா டீச்சர் லென்ஸும் மங்கல், நான் அனுப்பினதும் மங்கல். சாக்கடைப் பலகை. தேயிலைச் சரிவுப் படி. பன்னீர்ச் செம்புப் பெண். எல்லாமே பக்கத்தில் இருந்தவை. நேர் எதிரில் இருந்த எதன் மேலும் நீ இடித்துக்கொள்ளவில்லை.

அப்பா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே நடப்பார், ஞாபகம் இருக்கிறதா? வீம்பு, பார்த்து நடக்க மாட்டேன் என்கிறார் என்று நாம் சொன்னோம். வெளிச்சம் போதவில்லை என்று நாற்பது வாட் பல்பைக் கழற்றி அறுபது மாட்டினார், அறுபதைக் கழற்றி நூறு மாட்டினார். கரண்ட் ஆபீஸுக்கு மொட்டைக் கடிதம்கூட எழுதினார். கடைசியில் டாக்டர் கண்ணில் பிரஷர், நாள் கடந்துவிட்டது என்றார். சர்க்கரையால் வந்ததாக்கும் என்று நாம் விட்டுவிட்டோம். அப்பா பல்பைத் திட்டினார். நீ லென்ஸைத் திட்டுகிறாய். பயமாக இருக்கிறது அக்கா.

இன்னொன்று. இனி எழுத மாட்டேன் என்று சொன்னதையே எழுதுகிறேன். அன்றைக்கு நான் உன் இடது பக்கம்தான் வந்து நின்றேன்.

ஒரு ஸ்லைடை அட்டையோடு இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. இது குடும்பத்தில் இறங்குகிற வியாதி என்கிறார்கள். நானும் போகிறேன்.

கிரிஷ்


வலியசாலை
27-4-1999

கிரிஷ்,

முப்பது வருஷம் போர்டில் கண்ணின் படம் வரைந்து பாகம் குறித்தவளுக்கு நீ கண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு, எனக்கு ஐம்பத்தைந்து. பேப்பரில் வரன் விளம்பரம் வரை பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்.

உன் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சேவல் இருக்கிறது, கிளை இருக்கிறது. பெட்டை இல்லை. லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்த ஆளுக்கு மனசில்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லட்டும். எனக்குக் குருட்டுப் பட்டம் கட்ட வேண்டாம்.

சூடாமணி


வலியசாலை
6-6-1999

கிரிஷ்,

மழை பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறு வாரம் பிரேமா வந்தாள். தம்பி எனக்கு இல்லாத பறவையைக் காட்டுகிறான் என்று கேலியாகச் சொல்லி அந்த ஸ்லைடை அவள் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கினாளோ இல்லையோ, “ஐயோ டீச்சரே, ஜோடியாணல்லோ! ரெண்டும் உண்டு” என்று மலையாளத்தில் குதித்தாள், ஜோடிதான், இரண்டும் இருக்கிறது என்று. எங்கே என்றேன். விரல் நகத்தால் தொட்டுக் காட்டினாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் நான் பெட்டையைக் கண்டேன். கண்டதும் விரலை விட்டேன், மறுபடி காணோம். அப்புறம் ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். இருந்தது. நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைத்தான் செத்துப்போய்விட்டது என்று உனக்கு எழுதினேன்.

பிரேமாவே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், கண்டால் பட்டனை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. “மெஷின்ல பல்பு போயிருக்கு போல, பாருங்கோ” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டாள். அப்போதுதான் கிரிஷ், எனக்கு விளங்கிற்று. அப்பா எழுதின மொட்டைக் கடிதம் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

நாலைந்து வருஷமாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வலிக்காது, சிவக்காது, நடுவில் மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டே இருக்குமாம். அதனால்தான் பொடி எழுத்துப் படித்தேன் என்று பீற்றிக்கொண்டேன். வலது கண் கொஞ்சம் பரவாயில்லை, இடது கண் ரொம்ப மோசம். காமிராவில் நான் வைக்கிறது எப்போதும் இடது கண்ணைத்தான். “போயது போயி, டீச்சரே. உள்ளது நமுக்கு நோக்காம்” என்றார் டாக்டர். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து, ஆயுசு பூராவும். ஒண்டியாக மலை ஏறக் கூடாது. உன் அக்காவே ஒரு நானூறு எம்.எம். ஆகிவிட்டாள், டிரைபாட் இல்லாமல் நகரக் கூடாது.

லென்ஸ் மேல் குற்றம் இல்லை என்று யூசுப்பிடம் சொல்லு. அவரை ஏமாற்றுக்காரர் மாதிரி எழுதினேன், அதற்கு வருத்தம் என்றும் சொல்லு. உன் மேல் சொன்ன பாதிப் பணப் பேச்சையும் அடித்துவிடு. லென்ஸைத் திருப்பித் தர மாட்டேன். பத்து வருஷம் கேட்ட படத்தை அது எடுத்துக் கொடுத்தது, நான்தான் பார்க்கவில்லை. இப்போது பழைய ஸ்லைடுப் பெட்டிகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை நகர்த்திப் பார்க்கிறேன். யானைக்குப் பக்கத்தில் குட்டி நிற்கிறது. அந்தக் குட்டியை நான் இத்தனை நாள் பார்த்ததே இல்லை. இன்னும் எத்தனை விட்டேனோ.

நீ என்ன ஆனாய்? டாக்டரிடம் போனாயா? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் இதற்கு மட்டும் பதில் வேண்டும். போகவில்லை என்றால் ஆஷாவுக்கு எழுதிப் பிடரியைப் பிடித்துத் தள்ளச் சொல்வேன்.

அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது அழுது தலை வலித்தது. உனக்கு எப்போது பிளேன் வருமோ, வந்தால் நீ பசியோடு வருவாயே என்று தோன்றிற்று. காப்பிக்குப் பால் இருக்கிறதா பார்க்கலாம் என்று எழுந்தேன். இடது பக்கம் தலைப்பில் ஏதோ தட்டிற்று. தூண் என்று நினைத்தேன், கிரிஷ். உன் கையைக் கூடத்துத் தூண் என்று நினைத்து விலகிப் போய்விட்டேன். உனக்குத்தான் பால் பார்க்கப் போனேன்.

அடுத்த லீவுக்கு ஆஷாவோடு வா. வரும்போது என் பக்கத்தில் வந்து நிற்காதே. நேரே எதிரில் வந்து நில். வாயைத் திறந்து கூப்பிடு.

அக்கா